ஆட்ட தர்மமும் ஆட்ட விதியும்

திருச்சுழிக்குத் தென்புறத்தில், குண்டாற்றை அடுத்த கிராமம் ஒன்றின் கண்மாய்ப் பொட்டலில் சென்ற மாதம் நடந்த கிரிக்கெட் பந்தயம், நான்கு ரன் மீதமிருக்கையில் கலகமாக முடிந்தது. ஊரின் பெயரை நாம் வெளியிடப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் இளைஞர்கள், அவர்களுடைய பெயரும் இங்கே அவசியமில்லை. நடந்தது இவ்வளவுதான். பந்து வீச ஓடி வந்த பையன், எதிரே மட்டை பிடித்து நிற்பவனுக்கு வீசாமல் நின்று, தன் பக்கத்துக் குச்சிகளைத் தட்டினான். அப்பக்கம் நின்ற ஆட்டக்காரன் அதற்குள் கோட்டை விட்டு இரண்டடி நகர்ந்திருந்தான். நடுவராக நின்றவனோ மட்டை பிடிக்கும் கட்சியைச் சேர்ந்தவன். நம் கிராமங்களில் வழக்கம் அதுவே. “எச்சரிக்கை சொல்லவில்லை, ஆகையால் அவுட் இல்லை” என்றான் அவன். “எச்சரிக்கை வேண்டியதில்லை” என்றது எதிர்க்கட்சி. ஐந்து நிமிஷத்துக்கெல்லாம் பந்தைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது. குச்சியைத் தட்டிய பையன் எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்ற கேள்வி எழுந்தது. இந்தக் கரிசல் சீமையில் அக்கேள்வி எழுந்தபின் எங்கே போய் முடியும் என்பதை நமது நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

குடும்ப விசேஷம் ஒன்றுக்காக அன்று திருச்சுழியில் தங்கியிருந்த நம்மிடம், வக்கீல் என்பதற்காக, இரு தெருப் பெரியவர்களும் வந்தார்கள். நாம் இரண்டு கேள்விகள் கேட்டோம். கோடு எங்கே இருந்தது? விதியைப் படித்தவர் யார்? கோடு, கருவேலங் குச்சியால் கரிசல் மண்ணில் கீறியது. பலருடைய கால் பட்டு அதற்குள் அழிந்திருந்தது. விதியைப் படித்தவர் இருபத்திரண்டு பேரில் ஒருவரும் இல்லை. ஆனால் ஒரு பெயரை மட்டும் அனைவரும் அறிந்திருந்தார்கள். ஒரு கட்சி அதைப் பெருமையாகச் சொல்லிற்று, மற்றொரு கட்சி வசையாகச் சொல்லிற்று. அப்பெயர் அஸ்வின்.

சென்னைப் பட்டணத்தில் பிறந்து, இன்ஜினீயரிங் படித்து, பந்து வீச்சில் உலகப் புகழ் எய்திய ஸ்ரீ ரவிச்சந்திரன் அஸ்வின், 2019-ஆம் வருஷம் மார்ச்சு 25-ந் தேதி ஜெய்ப்பூரில் செய்த காரியம் நேயர்களுக்கு நினைவிருக்கும். பஞ்சாப் கோஷ்டிக்கு அன்று அவர் தலைவர். எதிர்த்து ஆடிய ராஜஸ்தான் கோஷ்டிக்கு 185 ரன் தேவை. ஒரே விக்கெட் இழப்பில் 108 எடுத்து அது வெற்றியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. 69 ரன்னில் இருந்த ஆங்கில ஆட்டக்காரர் ஸ்ரீ ஜாஸ் பட்லர் பந்து வீசும் பக்கத்தில் நின்றார். அவர் கோட்டை விட்டு நகரவே, அஸ்வின் வீசாமல் குச்சியைத் தட்டினார். மூன்றாம் நடுவர் அவுட் என்றார். ராஜஸ்தான் 14 ரன்னில் தோற்றது. அன்றிரவு தொடங்கிய வசைமாரி பல மாதங்கள் ஓயவில்லை. விதியை மீறினார் என்று சொன்னவர் சிலரே. ஆட்ட தர்மத்தை மீறினார் என்றவர்களே அநேகர்.

இந்த “ஆட்ட தர்மம்” என்னும் சொல்லைச் சற்று நின்று ஆராய வேண்டும். விதியில் எழுதப்படாத ஒன்றை, விதியைக் காட்டிலும் உயர்ந்ததாகச் சொல்லி, விதியை அறிந்து நடந்தவனை அதைக் கொண்டு தண்டிப்பதென்றால், அந்தத் தண்டனைக்கு அப்பீல் ஏது? எழுதிய சட்டத்துக்கு ஒரு வார்த்தை உண்டு. அவ்வார்த்தைக்கு அர்த்தம் உண்டு. இரு கட்சியும் அதன் மேல் நின்று வாதாடலாம். எழுதாத தர்மமோ, பலமுள்ளவன் வாயில் பிறப்பது. நாம் கறுப்பு அங்கி தரித்துக் கோர்ட்டில் நின்ற காலத்தில் கற்ற பாடங்களில் இது ஒன்று.

விதி என்ன சொல்லிற்று என்பதைப் பார்ப்போம். 2019-இல் இவ்விஷயம் அடங்கியிருந்தது 41-ஆம் விதியில். நியாயமற்ற ஆட்டத்தைப் பற்றிய அத்தியாயம் அது. ஆகவே, குச்சியைத் தட்டுபவன் செய்வது நியாயமற்றது என்று படிக்காதவர்கள் எண்ணிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பிரிவின் தலைப்போ, மறுபுறம் நிற்கும் ஆட்டக்காரன் முன்கூட்டியே கோட்டை விட்டுச் செல்வது என்பதாகும். நியாயமற்றவன் அவனே! தலைப்பையாவது படித்திருந்தால் பாதி வசை எழுந்திராது. எச்சரிக்கை வேண்டும் என்று அவ்விதியில் ஓர் எழுத்தும் இல்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நாம் மறைக்கப் போவதில்லை. அஸ்வின் ஓடிவந்து நின்றார். நின்ற கணத்தில் பட்லர் கோட்டுக்குள்ளேயே இருந்தார். பிறகுதான் வெளியே போனார் என்று சொல்லப்பட்டது. பந்து கையைவிட்டுப் புறப்பட வேண்டிய தருணம் வரையிலேயே தட்டலாம் என்பது விதி. அத்தருணம் கடந்துவிட்டதா இல்லையா என்பது நியாயமான கேள்வி. விதியின் காவலர்களாகிய லண்டன் எம்.சி.சி. சங்கத்தாரே மறுநாள் ஒருவிதமாயும் அதற்கு இரண்டு நாள் கழித்து வேறுவிதமாயும் அபிப்பிராயம் சொன்னார்கள். ஆனால் நேயர்கள் கவனிக்க வேண்டியது, அது கணத்தைப் பற்றிய கேள்வி. மனிதனுடைய குணத்தைப் பற்றியதன்று. கடிகாரத்தைப் பார்த்துத் தீர்க்க வேண்டிய வழக்கை ஜாதகத்தைப் பார்த்துத் தீர்க்கப் புகுந்தார்கள். கண்மாய்ப் பொட்டலில் “எந்தத் தெரு” என்று கேட்டவர்களுக்கும் இவர்களுக்கும் அதிக வித்தியாசமில்லை. இதே பட்லர் 2014-ஆம் வருஷம் பர்மிங்ஹாம் மைதானத்தில், இலங்கையின் சச்சித்ர சேனாநாயக்க எச்சரித்த பிறகும் நகர்ந்து, இதே விதமாக அவுட் ஆனவர் என்பதை அந்த இரவில் நினைத்தவர்கள் குறைவு.

வரப்பை ஒரு சாண் நகர்த்துகிறவனை எந்தச் சம்சாரியும் பொறுப்பதில்லை. “முதலில் எச்சரித்தாயா?” என்று நிலத்துக்காரனைக் கேட்பவரும் இல்லை. இரண்டு குச்சிகளுக்கும் இடையே உள்ள தூரம் 66 அடி. அதில் இரண்டடியைத் திருட்டுத்தனமாகக் கழித்துக்கொண்டு ஓடுகிறவன் கனவான். கையும் களவுமாய்ப் பிடித்தவன் வஞ்சகன் என்னும் சாஸ்திரம் எங்கிருந்து வந்தது?

அது வந்த வழியும் நமக்குத் தெரிந்ததே. 1947-ஆம் வருஷம் டிசம்பர் 13-ந் தேதி, நாடு சுதந்திரம் பெற்று நான்கு மாதங்கூட நிறையாத சமயம், லாலா அமர்நாத்தின் தலைமையில் ஆஸ்திரேலியா சென்றிருந்த நம் கோஷ்டியில் ஒருவரான வினூ மன்கட், சிட்னியில் நடந்த டெஸ்ட் பந்தயத்தில் பில் பிரௌன் என்பவரை இவ்விதம் அவுட் ஆக்கினார். அதே பிரயாணத்தில் முன்பு ஒரு பந்தயத்தில் அவரை எச்சரித்தும், பிறகு அவுட் ஆக்கியும் இருந்தார். ஆகவே பிரௌன் அறியாமல் அகப்பட்டவர் அல்லர். எதிர்க்கோஷ்டித் தலைவரான பிராட்மன், மன்கட் செய்ததில் தவறில்லை என்று பிற்காலத்தில் தமது நூலில் எழுதினார். இவ்வளவு இருந்தும் நடந்ததென்ன? அக்காரியத்துக்கே மன்கட் என்று பெயரிட்டார்கள். டெஸ்ட் பந்தயங்களில் இந்தியாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான அம்மனிதரின் பெயர், எழுபது வருஷத்துக்கு மேல் ஒரு பழிச்சொல்லாகப் புழங்கிற்று. கோட்டை விட்டு நகர்ந்த பிரௌனின் பெயரை அதற்கு இடவேண்டுமென்று ஸ்ரீ சுனில் கவாஸ்கர் சொன்னது வேடிக்கையாகப் பட்டாலும், வேடிக்கைக்கு அப்பால் அதில் நியாயம் உண்டு.

ஆங்கிலேயர் ஆடும் ஆட்டங்களில் தர்மமே இல்லை என்று சாதிக்க நாம் வரவில்லை. அவ்விதம் சொல்வது பொய்யாகும். கோல்ப் என்றோர் ஆட்டம் உண்டு. நம் திருச்சுழி, அருப்புக்கோட்டைச் சீமையில் அதைக் கண்ணால் கண்டவர் அரிது. அதற்கு வேண்டிய பச்சைப் புல்வெளிக்கு ஊற்றும் தண்ணீர் இருந்தால் நம்மவர் இரண்டு போகம் எடுத்துவிடுவார்கள்! சிறிய பந்தொன்றை நீண்ட கோல்களால் அடித்துப் பதினெட்டுக் குழிகளில் வரிசையாக வீழ்த்த வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவர் ஜயித்தவர். மைதானம் பல நூறு ஏக்கர் பரந்திருப்பதால் ஒவ்வொரு ஆட்டக்காரர் பின்னும் நடுவர் நடப்பதில்லை. புதரில் கிடக்கும் பந்து அசைந்ததா என்பதை ஆடுகிறவனே அறிவான். அவனே சொல்லித் தன் கணக்கில் அபராத அடியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1744-ஆம் வருஷம் ஸ்காட்லாந்தில் லீத் என்னுமிடத்தில் பதின்மூன்று விதிகளாக எழுதப்பட்ட இவ்வாட்டச் சட்டம் இன்று பெரிய புத்தகமாக வளர்ந்திருக்கிறது. அப்புத்தகத்தை அறியாதவன் அங்கே யோக்கியனாகவும் இருக்க முடியாது. எது குற்றமென்று தெரியாதவன் எதை ஒப்புக்கொள்வான்?

கோல்பையே ஜீவனமாகக் கொண்ட இருவரின் கதை இதை விளக்கும். இரண்டும் நடந்தது 2010-ஆம் வருஷமே. ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் ஹில்டன் ஹெட் என்னுமிடத்தில், ஆங்கிலேயரான பிரையன் டேவிஸ் முதலிடத்துக்கு ஜிம் பியூரிக் என்பவரோடு சமநிலையில் நின்று, முடிவுக்கான மேல் ஆட்டம் ஆடினார். அவருடைய பந்து கரையோரத்து நாணலிடையே கிடந்தது. கோலைப் பின்னுக்கு ஓங்கும்போது வேரற்றுக் கிடந்த ஒரு நாணல் தட்டையில் அது உராய்ந்தது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. டேவிஸே அதிகாரியை அழைத்துச் சொன்னார். மெதுவாக ஓட்டிய படத்தில் பார்த்தபோதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அபராதம் இரண்டு அடி, வெற்றி பியூரிக்குக்கு. முதற் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் வித்தியாசம் சுமார் 4 லட்சம் டாலர். அமெரிக்காவின் பிரதான பந்தயத் தொடரில் ஒரு முறையும் ஜயித்திராத மனிதர் அவர். அதற்குப் பிறகும் ஜயிக்கவில்லை.

அதே வருஷம் ஆகஸ்டு மாதம், விஸ்கான்சின் மாகாணத்தில் நடந்த பெரும் பந்தயத்தின் கடைசிக் குழியில் டஸ்டின் ஜான்சன் என்னும் அமெரிக்கர் ஓர் அடி முன்னிலையில் இருந்தார். அவருடைய பந்து மணலில் கிடந்தது. ஜனங்கள் மிதித்து நடந்த இடம் அது. வெறும் பொட்டல் என்றெண்ணிக் கோலைத் தரையில் ஊன்றினார். மணற்குழியில் ஊன்றுவது குற்றம். அம்மைதானத்தில் மணற்குழிகள் நூற்றுக்கணக்கில் உண்டென்றும், ஜனங்கள் நடமாடும் இடத்தில் இருப்பவையும் குழிகளாகவே கருதப்படுமென்றும் முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இரண்டு அடி அபராதம் விழுந்தது. வெற்றிக்கான மேல் ஆட்டத்திலும் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. அவரை வஞ்சகர் என்று நாம் சொல்லமாட்டோம். தண்டனையை அவர் ஆண்மையோடு ஏற்றார். ஆனால் சுவரில் ஒட்டிய காகிதம் ஒன்றை மனத்தில் வாங்காததற்கு அவர் கொடுத்த விலை அது.

இதைவிடப் பரிதாபம் 1968-ஆம் வருஷத்தில் நடந்தது. அர்ஜென்டினா தேசத்து ராபர்ட்டோ டி விசென்சோ, அகஸ்டா பந்தயத்தின் கடைசி நாளில் அற்புதமாக ஆடினார். அன்று அவருக்கு 45-ஆவது பிறந்த நாள். பதினேழாவது குழியில் அவர் எடுத்தது மூன்றடி. கணக்கெழுதிய சக ஆட்டக்காரர் தவறாக நான்கென்று எழுதிவிட்டார். டி விசென்சோ சரிபாராமல் கையெழுத்திட்டார். கையெழுத்திட்டபின் அதிகக் கணக்கே செல்லும் என்பது விதி. அந்த ஓரடியால் சமநிலை போயிற்று, பட்டம் பாப் கோல்பிக்குச் சென்றது. டி விசென்சோ யாரையும் நோகவில்லை, தம்மையே நொந்துகொண்டார். படித்துப் பாராமல் பத்திரத்தில் கையெழுத்திட்டு நம்மிடம் அழுதுகொண்டு வந்த கட்சிக்காரர் எத்தனை பேர்!

இனி, விதிக்கு மேற்பட்ட பெருந்தன்மை இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. 1987-ஆம் வருஷம் உலகக் கோப்பைப் பந்தயத்தில், லாகூரில், மேற்கிந்தியரான கோர்ட்னி வால்ஷ் கடைசிப் பந்தை வீச வருகையில் பாகிஸ்தானின் சலீம் ஜாபர் கோட்டை விட்டு நகர்ந்திருந்தார். குச்சியைத் தட்டியிருந்தால் வெற்றி. வால்ஷ் தட்டவில்லை, எச்சரித்து விட்டார். அவர் கோஷ்டி தோற்றது. அதை நாம் வணங்குகிறோம். ஆனால் அது வால்ஷ் தம் கைப்பொருளிலிருந்து அளித்த தானம். ஒருவர் தானம் கொடுத்தார் என்பதற்காக அடுத்த வீட்டுக்காரனைத் தானம் கொடுக்கவில்லையே என்று சிறையில் தள்ள முடியுமா? அதிலும் தானம் கேட்பவன், நகர்ந்து நின்றவனாக இருக்கையில்?

நம் தேசத்து உதாரணம் இதனினும் நுட்பமானது. 1980-ஆம் வருஷம் பம்பாயில் இங்கிலாந்தோடு நடந்த பொன்விழா டெஸ்டில், பாப் டெய்லர் அவுட் என்று நடுவர் தீர்ப்பளித்தார். பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்த நம் தலைவர் ஸ்ரீ குண்டப்பா விஸ்வநாத், மைதானத்தை விட்டுப் புறப்பட்டவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. இது விதிக்கு மாறான தயவு என்று பலர் நினைக்கிறார்கள். நாம் அவ்விதம் நினைக்கவில்லை. மட்டையில் படாத பந்துக்கு அவுட் இல்லை என்பதுதான் விதி. நடுவர் கண் தவறிய இடத்தில் விஸ்வநாத் விதியை நிலைநாட்டினார். நாணல் தட்டையில் கோல் பட்டதென்று டேவிஸ் சொன்னதும் இதுவே. தனக்கு நஷ்டமாகும்போதும் விதியைச் சொல்பவனே, தனக்கு லாபமாகும்போது அதைக் கேட்டு வாங்கத் தகுதியுள்ளவன்.

அஸ்வின் மேல் விழுந்த பழி வீண்போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2022-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதியிலிருந்து இவ்விஷயம் நியாயமற்ற ஆட்டம் என்னும் அத்தியாயத்திலிருந்து நீக்கப்பட்டு, ரன் அவுட் என்னும் 38-ஆம் விதியில் சேர்க்கப்பட்டது. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னர் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தீப்தி சர்மா என்னும் நம் வீராங்கனை, சார்லி டீனை இவ்விதம் அவுட் ஆக்கி வெற்றி தந்தார். எச்சரித்தார்களா இல்லையா என்ற அதே பழைய பல்லவியைத்தான் அங்கும் பாடினார்கள். 2023 ஜனவரியில் மற்றொரு தெளிவும் வந்தது: வீசும் கை தன் இயல்பான போக்கில் உச்சிக்கு வந்துவிட்டால், அப்புறம் தட்ட முடியாது.

பிறர் ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், நம் சொந்த ஆட்டத்தில் நம் லட்சணம் என்னவென்றும் பார்க்க வேண்டாமா? சடுகுடு நம்முடையது. 2023 அக்டோபர் 7-ந் தேதி சீன தேசத்து ஹாங்சௌவில் ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 28-க்கு 28 என்று நின்றன. முடிய ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேலே மீதம். பாடிச் சென்ற பவன் செஹ்ராவத் எவரையும் தொடாமல் எல்லைக்கு வெளியே காலை வைத்தார். அவரைப் பிடிக்கப் பாய்ந்த ஈரானியரும் தொடர்ந்து வெளியே வந்தனர். வெளியேறியவர் அவர் ஒருவர்தானா, பின்தொடர்ந்த நால்வருமா? பழைய விதிப்படி ஒரு விடை, புதிய விதிப்படி வேறொரு விடை. எந்த விதி நடப்பிலிருக்கிறது என்பதில் நடுவர்களே தீர்ப்பை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். சுமார் ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்து ஆட்சேபித்தார்கள். 33-க்கு 29 என்று நாம் ஜயித்தோம். பதக்கம் நம்மதுதான். ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தை நினைக்கையில் நமக்கு வெட்கமாகவே இருக்கிறது.

கண்மாய்ப் பொட்டலுக்குத் திரும்புவோம். விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது, எங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஓர் இளைஞன் நம்மைக் கேட்டான். கேள்வி நியாயமானதே, குற்றம் எம்மைப்போல் இங்கிலீஷ் படித்துவிட்டுச் சும்மாயிருப்பவர்களுடையது. ஆயினும் அதே திருச்சுழியில் வாழ்ந்த சுந்தரமையரை அவனுக்கு நினைவூட்டினோம். ரமண மகரிஷியின் தகப்பனார் என்றே அவரை உலகம் அறியும். அவர் கணக்கரிடம் சிறு வேலையில் தொடங்கி, மனு எழுதிப் பழகி, பட்டமொன்றும் பெறாமலே இவ்வூர்க் கச்சேரியில் வழக்காடும் அனுமதி பெற்றவர். சட்டம் பட்டக்காரர் வீட்டுச் சீதனமன்று.

அன்றிரவு 38-ஆம் விதியைத் தமிழில் எழுதி இரு கட்சிக்கும் வாசித்துக் காட்டினோம். எச்சரிக்கை என்னும் சொல் அதில் இல்லையென்றதும் ஒரு பக்கம் ஆரவாரித்தது. கை உச்சிக்கு வருமுன் தட்டினாயா என்று அப்பையனைக் கேட்டோம். சற்று யோசித்து, “நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, ஐயா” என்றான். அவ்விடத்தில் ஆரவாரம் அடங்கிற்று. அவன் அதைச் சொன்னபோது எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை.

பந்தயத்தை மறுபடி ஆடுவதென்று தீர்மானித்திருக்கிறார்கள். மூன்றாவது ஊரிலிருந்து இரண்டு நடுவர்கள் வருவார்கள். கிராமப் பந்தயங்களுக்கு வேண்டிய விதிகளை ஒரே தாளில் அடங்குமாறு தமிழில் எழுதி அடுத்த ஞாயிறன்று இப்பத்திரிகையில் வெளியிடுகிறோம். வேண்டியவர்கள் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். குச்சியால் கோடு கீறுவதை விட்டு, சுண்ணாம்பால் இடுவதென்றும் முடிவாயிற்று. அந்தக் கோட்டை இடும் வேலையை, அன்று குச்சியைத் தட்டிய பையனும் நகர்ந்து நின்ற பையனும் சேர்ந்து ஏற்றிருக்கிறார்கள்.